பாய்மரப் படகுக்கும் மலைப்பாதைக்கும் ஒரே ஜிபிஎஸ் வாட்ச்: எந்த எண்ணை நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: வார இறுதியில் சிறிய பாய்மரப் படகு, மற்ற நாட்களில் ஓட்டமும் மலையேற்றமும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஜிபிஎஸ் ஸ்மார்ட் வாட்ச் வாங்கியிருக்கிறீர்கள். ஓடும்போது ஒழுங்காக இருக்கும் வாட்ச் படகில் ஏறியதும் குழப்புகிறது. படகின் வேகமானி ஒன்று சொல்கிறது, வாட்ச் வேறொன்று சொல்கிறது. இதயத்துடிப்பு தாறுமாறாகக் காட்டுகிறது, கலோரிக் கணக்கு நம்பும்படி இல்லை. எந்த செட்டிங்கை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு அடியில் இருக்கும் கேள்வி, திரையில் வரும் எண்களில் எதை நம்பி முடிவெடுக்கலாம் என்பதுதான். அது தெளிவானால் செட்டிங் தானாகப் பிடிபடும்.

வாட்ச் திரையில் ஐம்பது எண்கள் வரலாம். ஆனால் உள்ளே நிஜமாக அளக்கிற கருவிகள் ஐந்தாறுதான். செயற்கைக்கோள் ரிசீவர், காற்றழுத்த சென்சார், காந்தத் திசைகாட்டி, கை அசைவை உணரும் முடுக்கமானி, மணிக்கட்டில் பச்சை ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சென்சார், பிறகு உங்கள் கைச்சூட்டையும் சேர்த்தே காட்டும் ஒரு வெப்பமானி. மற்ற எல்லா எண்ணும் இவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. கணக்கின் படிகள் கூடக் கூடப் பிழையும் கூடும். வேகம் ஒரு படி. கலோரி நான்கைந்து படி. 'மீண்டுவர எத்தனை மணி நேரம் ஓய்வு தேவை' என்பது அதற்கும் மேல்.

முதலில் வேகம். இருப்பிடத்தைவிட வேகத்தை ஜிபிஎஸ் நன்றாக அளக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு நொடிக்கு முன் இருந்த இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் உள்ள தூரத்தை வகுத்து வேகம் கண்டுபிடிப்பதாகவே நினைக்கிறோம். பெரும்பாலான ரிசீவர்கள் அப்படிச் செய்வதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண், நாம் நகர்வதால் எவ்வளவு மாறுகிறது என்பதை நேரடியாக அளக்கின்றன. ரயில் நம்மைக் கடக்கும்போது அதன் ஹாரன் சத்தம் மாறுகிறதே, அதே டாப்ளர் விளைவு. அதனால் இருப்பிடம் 3 முதல் 5 மீட்டர் தள்ளிக் காட்டினாலும், திறந்த வானத்தின் கீழ் சீராகப் போகும்போது வேகம் பெரும்பாலும் 0.2 நாட் அளவுக்குள் சரியாக இருக்கும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). மரமோ கட்டடமோ மறைக்காத நீர்ப்பரப்பு ஜிபிஎஸ்ஸுக்கு மிக நல்ல இடம். ஆகவே படகில் உங்கள் வாட்ச் காட்டும் வேகம் தவறில்லை. அது வேறொரு வேகம், அவ்வளவுதான்.

படகின் வேகமானி பெரும்பாலும் அடிப்பகுதியில் தண்ணீரில் சுழலும் ஒரு சின்னச் சக்கரம். அது தண்ணீரோடு ஒப்பிட்ட வேகத்தைச் சொல்கிறது. வாட்ச் சொல்வது தரையோடு ஒப்பிட்ட வேகம். இடையில் இருப்பது நீரோட்டம். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. இன்ஜின் இருந்தால் ஒரே சுழற்சி வேகத்தில் (ஆர்பிஎம்) வைத்து, திசைகாட்டியைப் பார்த்து நேராக மூன்று நிமிடம் ஓட்டுங்கள். உடனே திரும்பி நேர் எதிர்த் திசையில் மூன்று நிமிடம். வாட்ச் போகும்போது 5.6, வரும்போது 4.4 நாட் காட்டினால், சராசரியான 5.0 தான் தண்ணீரில் படகின் வேகம். அந்தத் திசையில் நீரோட்டம் 0.6. இரண்டு முறையும் படகின் கருவி 4.6 காட்டியிருந்தால் அது குறைத்துச் சொல்கிறது, அதன் அளவுத்திருத்த எண்ணை 1.09 மடங்காக உயர்த்த வேண்டும். சக்கரத்தில் பாசியோ கொட்டலசு என்ற கடலுயிரோ ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் குறையும். திருத்தத்துக்கு முன் அதைச் சுரண்டிவிடுங்கள். இன்ஜின் இல்லாத படகென்றால், காற்று பக்கவாட்டில் சீராக வீசும் நாளில் பாயிலேயே செய்யலாம், துல்லியம் கொஞ்சம் குறையும்.

திசையிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. வாட்சில் இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று ஜிபிஎஸ் தரும் 'பயணத் திசை': தரைமேல் நீங்கள் உண்மையில் நகரும் திசை. இன்னொன்று காந்தத் திசைகாட்டி தருவது. அது வாட்சின் மேல்முனை நோக்கும் திசை. படகின் முன்முனையான அணியம் நோக்கும் திசைகூட அல்ல. கயிறு பிடித்திருக்கும் கையில் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. படகில் பயணத் திசையை வையுங்கள். ஆனால் அது அணியத்தின் திசையோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 4 நாட்டில் போகும் படகை 1 நாட் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் இரண்டுக்கும் இடையே 14 டிகிரி வித்தியாசம் வரும். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளுவது தனிக் கணக்கு. வேகம் 1 நாட்டுக்குக் கீழே போனால் பயணத் திசை நிலையில்லாமல் குதிக்கும். அப்போது அதைப் பார்க்கவே வேண்டாம். இன்னொன்று: படகின் திசைகாட்டி காந்த வடக்கைக் காட்டும், வாட்ச் உண்மை வடக்கில் அமைக்கப்பட்டிருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வாட்ச் பட்டையில் காந்தப் பூட்டு இருந்தால் அந்தக் கையைப் படகின் திசைகாட்டி அருகே கொண்டுபோகாதீர்கள். வாட்சின் திசைகாட்டியும் குழம்பும், படகின் திசைகாட்டியும் தப்பாகக் காட்டும்.

இனி, காற்றை எதிர்த்து டேக் அடித்து, அதாவது காற்று வரும் திசைக்கு இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்வாகப் போய், ஏறும்போது வாட்ச் என்ன உதவும் என்பது. முக்கியமான உண்மை: உங்கள் வாட்சுக்குக் காற்று தெரியாது. அதில் காற்று சென்சார் கிடையாது. படகின் கருவிகளோடு இணைத்தால் ஒழிய, காற்றைப் பற்றி அது சொல்வதெல்லாம் உங்கள் பாதையிலிருந்து செய்யும் ஊகம். கார்மினின் குவாட்டிக்ஸ் போன்ற கடல் வகை வாட்சுகளில் டேக் உதவி என்ற வசதி வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். காற்றுக்கு முடிந்தவரை நெருக்கிப் பிடித்து ஒரு டேக்கில் உங்கள் பயணத் திசை 020, அடுத்த டேக்கில் 110 என்றால், நடுவில் உள்ள 065-இலிருந்து காற்று வருகிறது என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு முதல் டேக்கில் நீங்கள் 030-இல் போக முடிந்தால் 10 டிகிரி லிஃப்ட் (காற்று சாதகமாகத் திரும்பியது), 010-க்குத் தள்ளப்பட்டால் 10 டிகிரி ஹெடர் (பாதகமாகத் திரும்பியது). கணக்கு எளிமையானது, பயனுள்ளதும்கூட. ஆனால் குறுக்கே நீரோட்டம் வந்தால் நடுக்கோடு பெயர்ந்துவிடும். ஒரு டேக்கில் எப்போதும் லிஃப்ட், மற்றதில் எப்போதும் ஹெடர் என்று பொய் காட்டும். நீங்களே சுக்கானைத் தளர்த்திக் காற்றிலிருந்து விலகினாலும் அதை ஹெடர் என்றுதான் சொல்லும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு டேக்கையும் புதிதாகப் பதிவுசெய்யுங்கள், கூடவே காற்றோட்டத்தைக் காட்டப் பாயில் ஒட்டியிருக்கும் நூலைப் பாருங்கள். நூல் ஒழுங்காகப் பறந்து எண் மாறினால்தான் அது காற்றின் மாற்றம்.

விஎம்ஜி (velocity made good) என்ற எண் இன்னும் கவனம் கேட்கும். காற்று வரும் திசையில் எவ்வளவு வேகமாக ஏறுகிறோம் என்பதே அது. 6 நாட்டில், காற்றுக்கு 45 டிகிரியில் போனால் விஎம்ஜி 4.2. 40 டிகிரிக்கு நெருக்கினால், வேகம் 5.5 நாட்டுக்குக் கீழே இறங்காத வரைதான் லாபம். இதைத் தெரிந்துகொள்ள அந்த எண் அருமை. ஆனால் உடனுக்குடன் அதைத் துரத்தினால் ஏமாறுவீர்கள். அணியத்தைக் காற்றுக்குள் திருப்பியவுடன் கோணம் உடனே குறைகிறது, வேகம் சில நொடி கழித்தே விழுகிறது. அந்த இடைவெளியில் விஎம்ஜி ஏறிக் காட்டும். அதை நம்பி நெருக்கிக்கொண்டே போனால் படகு நின்றுவிடும். குறைந்தது 20 முதல் 30 நொடிக்கு ஒரே நிலையில் ஓட்டி, பிறகு ஒப்பிடுங்கள். இன்னொரு வகை விஎம்ஜி, பந்தய மிதவை போல நீங்கள் குறித்துவைத்த புள்ளியை நோக்கியது. பல வாட்சுகளில் இருப்பது இதுதான். மிதவையை நெருங்க நெருங்க இது குறைந்துகொண்டே வந்து, சீக்கிரமே டேக் அடிக்கச் சொல்லித் தூண்டும். காற்றை எதிர்த்து ஏறும்போது திரையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

பந்தயத் தொடக்கத்தில் வாட்ச் தரும் உதவி பெரிது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கமான வரிசையில் ஸ்டார்ட்டுக்கு 5 நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கைக் கொடி ஏறும், 4 நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி ஏறும், 1 நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி இறங்கும், பிறகு ஸ்டார்ட். விதிப்படி நேரம் கொடியிலிருந்துதான், சத்தத்திலிருந்து அல்ல. சத்தம் 170 மீட்டர் கடக்கவே அரை நொடி ஆகும். ஆகவே கொடி அசையும்போது பட்டனை அழுத்துங்கள். எச்சரிக்கைக் கொடியைத் தவறவிட்டால், 4 நிமிடக் கொடியில் 'சிங்க்' பட்டன் அருகிலுள்ள முழு நிமிடத்துக்கு எண்ணிக்கையைச் சரிசெய்துவிடும். கையுறை போட்ட விரலால் அந்தப் பட்டனைத் தேடாமல் அழுத்தக் கரையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

தொடக்கக் கோட்டின் இரு முனைகளையும் படகில் கிட்டப் போய்ப் பதிவுசெய்தால், கோட்டுக்கு இன்னும் எத்தனை மீட்டர், இப்போதைய வேகத்தில் எத்தனை நொடி முன்கூட்டிப் போய்ச் சேருவீர்கள் என்று வாட்ச் காட்டும். இங்கே பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். 100 மீட்டர் கோட்டின் ஒரு முனையில் 3 மீட்டர் முன்னும் மறுமுனையில் 3 மீட்டர் பின்னும் தள்ளிப் பதிவானால் கோடே 3 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். நல்ல சேதி என்னவென்றால், ஜிபிஎஸ் பிழையின் பெரும்பகுதி மெதுவாகத்தான் நகரும். இரு முனைகளையும் அடுத்தடுத்து, தொடக்கத்துக்குச் சில நிமிடம் முன்பு பதிவுசெய்தால் எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளிப்போவதால் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்த பதிவை நம்பாதீர்கள். அதற்குள் கோட்டின் ஒரு முனையாக நிற்கும் நடுவர் படகும் நங்கூரத்தில் சுழன்று இடம் மாறியிருக்கும்.

அடுத்து, வாட்ச் உங்கள் கையில் இருக்கிறது, கோட்டைத் தொடுவது அணியம். நீங்கள் அணியத்திலிருந்து 3 மீட்டர் பின்னால் உட்கார்ந்திருந்தால், 5 நாட் வேகத்தில் அது ஒரு நொடிக்கும் சற்று அதிகம். திரை புதுப்பிக்கும் தாமதம் இன்னொரு நொடி. இரண்டையும் சேர்த்தால், வாட்ச் 'சரியாக நேரத்துக்கு' என்று சொல்லும்போது உங்கள் அணியம் கோட்டைத் தாண்டியிருக்கும். இரண்டு மூன்று நொடி கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். முனைகளைப் பதிவுசெய்யும்போதே, முடிந்தால், அணியத்துக்குப் போய் அங்கிருந்து பதிவுசெய்யாமல், உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே அணியம் மிதவைக்கு நேராக வரும் கணத்தில் அழுத்துங்கள். அப்படிச் செய்தால் அணியத்தின் தூரம் கணக்கிலேயே அடங்கிவிடும், அணியம் கோட்டைப் பார்த்து நிற்கும் நிலையில் பதிவுசெய்திருந்தால். இதையெல்லாம் பந்தய நாளில் செய்யும் முன் உங்கள் படகு வகையின் விதியைப் படியுங்கள். நிமிட எண்ணிக்கைக்கும் காந்தத் திசைகாட்டிக்கும் அனுமதி தந்து, ஜிபிஎஸ்ஸைத் தடுக்கும் வகைகள் இருக்கின்றன.

நங்கூரம் இழுபடுவதைச் சொல்லும் அலாரம் இரவில் தூக்கம் தரும், சரியாக அமைத்தால். எண்களோடு பார்ப்போம். ஆழம் 5 மீட்டர், தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரம் 1 மீட்டர், வெளியே விட்ட சங்கிலி 30 மீட்டர், படகின் நீளம் 10 மீட்டர். சங்கிலி முழுக்க இழுபட்டால் கிடைமட்டத்தில் 29 மீட்டர் வரும். நீங்கள் படகின் பின்பகுதியில் இருந்தால் நங்கூரத்திலிருந்து ஏறக்குறைய 39 மீட்டர். ஜிபிஎஸ் தள்ளாட்டத்துக்கு 5 முதல் 10 மீட்டர் சேர்த்து 45 முதல் 50 மீட்டர் வட்டம் வையுங்கள். வட்டத்தின் மையம் நங்கூரம் விழுந்த இடமாக இருக்க வேண்டும். எனவே நங்கூரம் தரையைத் தொடும் கணத்தில், அணியத்தில் நின்று பட்டனை அழுத்துங்கள். படகு பின்வாங்கி நின்ற பிறகு அழுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது மையமே 39 மீட்டர் பிசகியிருக்கும். இரவில் காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் படகு 78 மீட்டர் தள்ளி நிற்கும், நங்கூரம் அசையாமலே அலாரம் அடிக்கும். நாலு முறை பொய்யாக அடித்த அலாரத்தை ஐந்தாம் முறை யாரும் எழுந்து பார்ப்பதில்லை. இரும்பு அல்லது அலுமினியப் படகின் அறைக்குள் சிக்னல் வராது, அதையும் நினைவில் வையுங்கள்.

ஆள் கடலில் விழுந்தால் அழுத்தும் பட்டன் பெரும்பாலான கடல் வாட்சுகளில் உண்டு. அது குறிப்பது தரைமேல் ஒரு புள்ளி. விழுந்தவர் தண்ணீரோடு நகர்கிறார். 1 நாட் நீரோட்டம் நிமிடத்துக்கு 31 மீட்டர். ஐந்து நிமிடத்தில் 150 மீட்டருக்கு மேல். பட்டனை அழுத்துங்கள், ஆனால் ஒருவர் கண்ணை அவர்மேலிருந்து எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பார்வையை இழந்தால், குறித்த புள்ளியிலிருந்து நீரோட்டம் போகும் பக்கமாகத் தேடுங்கள்.

காற்றழுத்த சென்சார் ஒன்றே ஒன்றுதான். அதையே உயரமானியாகவும் வானிலைக் கருவியாகவும் வாட்ச் பயன்படுத்துகிறது. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால், நீங்கள் 8 மீட்டர் ஏறினீர்களா அல்லது வானிலை மாறியதா என்று அதனால் தனியே பிரித்தறிய முடியாது. தானியங்கி முறையில் விட்டால் ஊகிக்கும், படகின் ஆட்டத்தில் குழம்பும். படகில் 'பாரோமீட்டர்' (காற்றழுத்தமானி) நிலையில் பூட்டுங்கள், மலையில் 'உயரமானி' நிலையில் பூட்டுங்கள். மூன்று மணி நேரத்தில் 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆனால் வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இருமுறை தானாகவே ஏறி இறங்கும்: காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் அடிமட்டம், வித்தியாசம் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல். மதியம் மெதுவாக இறங்குவது அங்கே புயலின் அறிகுறி அல்ல. ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் இறங்குவதே அறிகுறி. நேற்று இதே நேரத்தில் என்ன அளவு இருந்தது என்று ஒப்பிடுவது திரையின் அம்புக்குறியைவிட நம்பகமானது. திடீரென எழும் இடிமழையின் காற்றை இது முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதயத்துடிப்புக்கு வருவோம். ஓடும்போது சரியாகவும் படகில் தாறுமாறாகவும் இருப்பதற்குக் காரணம் உங்கள் உடல் அல்ல, உங்கள் பிடி. கயிற்றை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசையும் தசைநாணும் விறைத்து, மணிக்கட்டு மடங்கி, சென்சாருக்கு அடியில் வெளிச்சம் புகுகிறது. குளிர்ந்த நீர் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ஒளி சென்சாருக்கு வேண்டிய சிக்னல் இரண்டு வழியிலும் அழிகிறது. சில சமயம் கை அசைவின் தாளத்தையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். ஓட்டத்திலும் துடிப்பு நிமிடத்துக்கு 170-180 என்று சட்டென்று ஏறி அசையாமல் நின்றால் அது உங்கள் காலடி எண்ணிக்கையாக இருக்கலாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவு இறுக்கிக் கட்டுங்கள். அதிலும் தேறாவிட்டால் மார்புப் பட்டை அல்லது மேற்கையில் கட்டும் பட்டை. மார்புப் பட்டையின் ரேடியோ அலை தண்ணீருக்குள் போகாது. நீச்சலுக்கென்றால் தன்னுள்ளே பதிவுசெய்து வைத்துப் பிறகு அனுப்பும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

துடிப்பு சரியாகக் கிடைத்தாலும் அதிலிருந்து கலோரிக்குப் போகும் படி படகில் பலவீனமானது. படகை நிமிர்த்த விளிம்புக்கு வெளியே சாய்ந்து தொங்கும்போது தொடையும் வயிறும் அசையாமல் இறுகி நிற்கின்றன. அப்படிப்பட்ட உழைப்பில் துடிப்பு ஏறும் அளவுக்கு ஆக்ஸிஜன் செலவு ஏறுவதில்லை. வாட்சின் சூத்திரமோ ஓட்டத்தையும் சைக்கிளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஓட்டத்திலும்கூட இது உறுதியான எண் இல்லை: 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்ததில் ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 சதவீதத்துக்குள் அளந்தன, கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. படகு நாளின் உழைப்பைக் கணக்கில் வைக்க எளிய வழி இருக்கிறது. இறங்கி அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10-க்குள் ஓர் எண் கொடுத்து, அதை நிமிடங்களால் பெருக்குங்கள். இரண்டு மணி நேரம், கடினம் 6 என்றால் 720. ஓட்டத்துக்கும் மலையேற்றத்துக்கும் இதே கணக்கு. வாரத்தின் கூட்டுத்தொகை திடீரென எகிறாமல் பார்த்துக்கொள்ள இது போதும். வாட்ச் தரும் ஓய்வு நேரப் பரிந்துரையில் படகுப் பயிற்சியின் பங்கைப் பொருட்படுத்த வேண்டாம்.

உழைப்பின் கடுமையை வாட்ச் பிரித்துக் காட்டும் துடிப்பு மண்டலங்களையும் ஒருமுறை சரிபாருங்கள். 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடுவது ஒரு கூட்டத்தின் சராசரி. தனி ஆளுக்கு 10-12 துடிப்பு இப்படியும் அப்படியும் இருப்பது சகஜம். நல்ல உடல்நிலையில் இருந்தால், உடலைச் சூடாக்கிக்கொண்டு 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும் உச்ச வேகத்தில் தனியாக ஓடி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுத்து, மண்டலங்களைப் பிரிக்கும் வரம்புத் துடிப்பாக வையுங்கள். மார்பு வலி, மயக்கம், இதய நோய் வரலாறு எதுவும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.

ஓட்டத்திலும் மலையிலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சிக்னல் பிரச்சினை. பாறைச்சுவரிலும் உயர்ந்த கட்டடத்திலும் பட்டுத் திரும்பி வரும் அலை நேராக வரும் அலையோடு கலந்து, பாதையை வளைத்துப் போடும். இரட்டை அலைவரிசை வாட்சுகள் 1575.42 மெகாஹெர்ட்ஸோடு 1176.45 மெகாஹெர்ட்ஸையும் கேட்டு இதைக் கணிசமாகக் குறைக்கின்றன. காட்டுப் பாதைக்கும் பள்ளத்தாக்குக்கும் அந்த வசதியை இயக்குங்கள். திறந்த நீர்ப்பரப்பில் அதன் லாபம் சிறியது, பேட்டரிச் செலவோ அதேதான். ஓடும்போது அந்தந்தக் கண வேகத்தைப் பார்க்காமல் லேப் (ஒரு பகுதித் தூரத்தின்) சராசரியைப் பாருங்கள். ஏறிய உயரம் வேண்டுமானால், உயரம் தெரிந்த இடத்தில் கிளம்பும் முன் அளவுத்திருத்தம் செய்யுங்கள். வழியில் வானிலை 3 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே 25 மீட்டர் பொய் உயரம் சேர்ந்துவிடும் என்பதால், உயரம் எழுதிய பலகை எங்கே கண்ணில் பட்டாலும் மீண்டும் திருத்துங்கள்.

படகுக்கான அமைப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அலகு நாட்டும் கடல் மைலும். பதிவு இடைவெளி ஒரு நொடி. இடைவெளியை வாட்சே முடிவுசெய்யும் 'ஸ்மார்ட்' பதிவும் பேட்டரி மிச்சப் பதிவும் டேக்குகளின் முனையை வெட்டி, தூரத்தைக் குறைத்துவிடும். தானாக நிறுத்தும் வசதியை அணையுங்கள், இல்லாவிட்டால் காற்று குறைந்து படகு ஊரும் நேரமெல்லாம் பதிவில் காணாமல் போகும். தொடுதிரையைப் பூட்டுங்கள், உப்புநீர்த் துளி விரலைப்போல் அழுத்தும். பக்கத்துக்கு மூன்று எண்களுக்கு மேல் வேண்டாம். உச்ச வேகத்துக்கு நொடி எண்ணை நம்பாமல் 10 நொடிச் சராசரியைப் பாருங்கள். கயிற்றை இழுக்கும்போது கை படகைவிட வேகமாக நகரும். கை தண்ணீருக்குள் மூழ்கி வெளிவந்தாலும் எண் துள்ளும். கிளம்புவதற்கு முன் வாட்சைப் போனோடு இணைத்து செயற்கைக்கோள் தகவலைப் புதுப்பியுங்கள், கரையிலேயே சிக்னல் பிடிக்கும்வரை காத்திருந்து ஸ்டார்ட் அழுத்துங்கள். பேட்டரியைப் பொறுத்தவரை, அறிவிக்கப்பட்ட நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

பட்டை விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்ச் கடலில் விழுவது பெரும்பாலும் பக்கவாட்டு ஸ்பிரிங் ஊசி உடைந்துதான். இரு ஊசிகளுக்கும் அடியில் ஒரே துண்டாக ஓடும் நைலான் பட்டை போட்டால் ஒன்று உடைந்தாலும் வாட்ச் கையில் தொங்கும். ஆனால் அது வாட்சின் அடியை மூடுவதால் துடிப்பு சென்சார் குருடாகிவிடும். மார்புப் பட்டை பயன்படுத்துகிறவருக்கு இது பொருட்டல்ல; மற்றவர்கள் ஊசிகளை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

வாட்சில் 5 ஏடிஎம் (வளிமண்டல அழுத்த அலகு) என்று எழுதியிருந்தால் 50 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருளில்லை. அசையாத நீரில், புதிய வாட்சுக்கு, அதற்கு ஈடான அழுத்தத்தில் செய்த சோதனை அது. நீச்சலுக்கும் படகுக்கும் போதும், டைவிங்குக்குப் போதாது. ரப்பர் வளையம் வயதாகி இறுகும். சோப்பும் வெந்நீரும் சன்ஸ்கிரீனும் கொசு விரட்டித் தைலமும் அதை விரைவுபடுத்தும். ஒவ்வொரு முறை கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பட்டன்களை நீருக்கு வெளியே சில முறை அழுத்தி உப்பை வெளியேற்றுங்கள். அழுத்த சென்சாரின் சிறு துளையில் உப்பு அடைத்தால் உயரமும் அழுத்தமும் உறைந்து நிற்கும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள், ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழியும். சார்ஜ் முனைகளில் ஈரமும் உப்பும் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரித்துப் பச்சை பிடிக்கும். நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வாட்சில் உள்ள விபத்து உணரும் வசதி பெரும்பாலான மாடல்களில் போன் மூலமே செய்தி அனுப்பும். போன் சிக்னல் இல்லாத நீரிலும் மலையிலும் அது யாரையும் கூப்பிடாது. கரை தெரியாத தூரம் போகிறவர்கள் உயிர்காப்பு உடையோடு, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்றைத் தங்கள் பெயரில் பதிவுசெய்து உடலோடு கட்டியிருக்க வேண்டும். படகில் விஎச்எஃப் ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்கான சேனல் 16 திறந்திருக்கட்டும். பீக்கனின் பேட்டரிக் காலாவதித் தேதி அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.